உருளைக்கிழங்கு தோண்டியாச்சு, அந்த பாத்தியில அடுத்து என்ன போடலாம்? (புக்கிட் மெர்தாஜம், பினாங்கு)

மூலைவீடு_பிஎம்

வணக்கம் எல்லாருக்கும். நான் புக்கிட் மெர்தாஜம் பக்கம் ஒரு குடியிருப்பு தாமான்ல கார்னர் லாட் வீட்ல இருக்கேன், சைடுல கொஞ்சம் மண்ணு இருக்கு, அதுல 4 அடி அகலம் 12 அடி நீளத்துக்கு ஒரு பாத்தி கட்டி தீபாவளி முடிஞ்ச கையோட உருளைக்கிழங்கு போட்டேன். சிரிக்காதீங்க லா. இந்த வெயில்ல உருளைக்கிழங்கான்னு எங்க மாமனாரே சிரிச்சிட்டார். கிச்சன்ல கூடைக்கு அடியில முளை விட்டு கெடந்த கிழங்கு, அம்மாவுக்கு தூக்கி போட மனசு வரல, என் கையில குடுத்துட்டாங்க, நானும் ரெண்டா மூணா வெட்டி சாம்பல் தடவி நட்டுட்டேன். ஒன்றரை கிலோ இருக்கும். தைப்பூசம் முடிஞ்சு தோண்டிப் பாத்தா நாலு கிலோ கூட தேறல, அதுலயும் பாதி கோலிகுண்டு சைஸ். அம்மா அந்த குட்டி கிழங்க தோலோட அவிச்சு மொளகாத்தூள் போட்டு பெரட்டி குடுத்தாங்க, அந்த ஒரு வேளை சாப்பாட்டுக்கே மூணு மாசம் தண்ணி ஊத்தினது தகும், அது வேற கதை.

இப்ப கேள்வி என்னன்னா பாத்தி மண்ணு நல்லா பொலபொலன்னு இருக்கு, இத சும்மா விட்டா ரெண்டு வாரத்துல லாலாங் புல்லு ஏறிடும். அம்மாவுக்கு கத்திரிக்காயும் பச்சமொளகாயும் வேணுமாம், எனக்கு தக்காளி ஆசை. நாத்து 12 வாங்கி வச்சாச்சு, ஒண்ணு ஒரு வெள்ளி அம்பது காசு. வர்ற ஞாயித்துக்கிழம நட்டுடலாம்னு இருந்தேன், ஆனா ஆபீஸ்ல கூட வேலை செய்யற ஒரு சீன ஆண்ட்டி, கிழங்கு போட்ட எடத்துல மொளகா போடாதன்னு சொல்றாங்க, ஏன்னு கேட்டா சேம் ஃபேமிலி லான்னு மட்டும் சொல்லிட்டு போயிட்டாங்க. உண்மையா அது? அப்ப வேற என்ன போடறது, உரம் என்ன வைக்கிறது, ஏப்ரல் மழை வர்றதுக்குள்ள ஏதாச்சும் கெளம்பிடணும்.

சொல்ல மறந்துட்டேன், நடுவுல ஒரு நாலு செடி திடீர்னு செத்துப் போச்சு, தண்ணி பத்தலைன்னு நெனச்சேன். மத்ததெல்லாம் ஓகே தான்.

செந்தூல்_பால்கனி

அந்த ஆண்ட்டி சொன்னது சரிதான். உருளைக்கிழங்கு, தக்காளி, கத்திரி, மொளகா, சுண்டக்காய் எல்லாம் ஒரே குடும்பம், ஒண்ணுக்கு வந்த நோய் மண்ணுல தங்கி அடுத்ததுக்கு வரும், அதோட எல்லாமே ஒரே மாதிரி சத்த இழுக்கும். உருளைக்கிழங்கு பொட்டாசியத்த நல்லா உறிஞ்சி எடுத்துட்டுதான் போகும், அதனால அடுத்து என்ன போட்டாலும் அத கொஞ்சம் திருப்பி குடுங்க.

நான் செந்தூல்ல ஃபிளாட்டு, மண்ணு கெடையாது, எல்லாம் பேக் தான். போன வருஷம் நானும் பேக்ல உருளைக்கிழங்கு போட்டு பாத்தேன், ஒரு பேக்குக்கு அஞ்சு கிழங்கு, அதுவும் எலுமிச்சம்பழ சைஸ், அத்தோட கும்பிடு போட்டுட்டேன். அந்த மண்ண கொட்டாம காங்கோங் கீரை வெத போட்டேன், 25 நாள்ல அறுத்தேன், அதுக்கப்புறம் பாயாம் கீரை, அப்புறம் வெண்டிக்காய். வெண்டி சூப்பரா வந்துச்சு. உங்களுக்கும் நான் வெண்டி தான் சொல்வேன், நம்ம வெயிலுக்கு அத மிஞ்சின செடி கெடையாது, 50 நாள்ல காய் பறிக்கலாம், சாம்பார், பெரட்டல், மீன் கொழம்பு எதுக்கும் ஆகும்.

பாத்தி ஓரத்துல மண்ணுக்குள்ள தப்பி கெடக்கிற குட்டி கிழங்கெல்லாம் நல்லா தேடி எடுத்துடுங்க, இல்லைன்னா அது பாட்டுக்கு முளைச்சுக்கிட்டே இருக்கும். பச்சை ஏறின கிழங்கு இருந்தா சமைக்காதீங்க.

பாயான்_லெப்பாஸ்_மச்சி

ஏன் இப்படி பயமுறுத்துறீங்க ப்ரோவ. நான் ரெண்டு வருஷம் முன்னாடி கிழங்கு தோண்டின அதே குழியில அடுத்த வாரமே சில்லி பாடி மொளகா நட்டேன், ஒண்ணும் ஆகல, ஒன்றரை வருஷம் காய்ச்சுது, பக்கத்து வீட்டுக்கெல்லாம் அள்ளி குடுத்தேன். இந்த பயிர மாத்தி மாத்தி போடற ரொட்டேஷன் எல்லாம் வெள்ளக்காரன் ஊர்ல வருஷத்துக்கு ஒரு போகம் போடறவனுக்கு. நமக்கு வருஷம் பூரா வெயில் வருஷம் பூரா மழை. கோழி எரு ரெண்டு பேக் போட்டு கிண்டி விட்டு நட்டு விடுங்க, நாத்த வாங்கி வச்சிட்டு கை கட்டிக்கிட்டு நின்னா நாத்துதான் வீணாப் போகும்.

நிபோங்திபால்_மாமா

தம்பி, எல்லாரும் என்ன போடலாம்னு சொல்றாங்க, நீங்க கடைசியா ஒரு வரி போட்டிருக்கீங்களே அத யாரும் பாக்கல. நாலு செடி திடீர்னு செத்துப் போச்சுன்னு. எப்படி செத்துச்சு? அத மொதல்ல சொல்லுங்க.

எல மஞ்சளாகி கீழ இருந்து காஞ்சிக்கிட்டே வந்துச்சா, இல்ல எல பச்சையா இருக்கும்போதே உச்சி வெயில்ல தொங்கி, சாயங்காலம் கொஞ்சம் நிமிந்து, மறுநாளும் தொங்கி, மூணாவது நாளோ நாலாவது நாளோ மொத்தமா படுத்துடுச்சா? மண்ணு ஈரமா இருந்தும் தொங்கிச்சா? ரெண்டாவது மாதிரின்னா அது தண்ணி பிரச்சனை கெடையாது, வாடல். பாக்டீரியா வாடல். எங்க அப்பா காலத்துல ரப்பர் தோட்டத்துல லயத்து வீட்டுக்கு பின்னால ஆளுக்கு ரெண்டு பாத்தி கத்திரி மொளகா இருக்கும், காலையில பால் வெட்ட போகும்போது நின்ன செடி மத்தியானம் வந்து பாத்தா சாஞ்சிருக்கும், யாரோ கண்ணு வச்சிட்டாங்கன்னு செடிக்கு திருஷ்டி கழிச்சவங்கள நான் பாத்திருக்கேன். கண்ணு இல்ல தம்பி அது, மண்ணுல இருக்கிற கிருமி.

செடி ஏதாச்சும் மிச்சம் இருந்தா தண்டுல அடிப்பக்கம் ரெண்டு இன்ச் துண்டு வெட்டி, கண்ணாடி கிளாஸ்ல தெளிஞ்ச தண்ணி வச்சு, துண்ட அசையாம தண்ணிக்குள்ள தொங்க விடுங்க. வெட்டின வாய்ல இருந்து பால் மாதிரி நூலா எறங்கினா அதுதான். அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும். செடி இல்லைன்னா கிழங்க பாருங்க. முளைக்கிற கண்ணு இருக்குல்ல, அந்த கண்ணுல மண்ணு ஒட்டிக்கிட்டு கழுவினாலும் போகாம இருக்கான்னு பாருங்க. குறுக்கே வெட்டுங்க, தோலுக்கு கொஞ்சம் உள்ள வட்டமா ஒரு வளையம் ஓடும், அது காப்பி கலர்ல இருந்து, கிழங்க அமுக்கினா வெள்ளையா சொட்டு சொட்டா வந்துச்சுன்னா நாத்த நடாதீங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க, அதுக்கப்புறம் என்ன போடறதுன்னு பேசலாம்.

பாயான் லெப்பாஸ் தம்பி, உங்க மண்ணுல கிருமி இல்ல, அதனால தப்பிச்சீங்க. சிவப்பு லைட்ல ஒரு தடவ போயிட்டு ஒண்ணும் ஆகலையேன்னு சொல்ற மாதிரி இருக்கு உங்க கதை.

மூலைவீடு_பிஎம்

மாமா, வேலை விட்டு வந்து ஷூ கூட கழட்டாம போய் கூடைய கொட்டிப் பாத்தேன்.

மிச்சம் ஒரு ரெண்டு கிலோ இருக்கு. நல்ல கிழங்கு நெறைய இருக்கு, ஆனா ஒரு ஏழெட்டு கிழங்குல நீங்க சொன்ன மாதிரியே கண்ணுல மண்ணு உருண்டையா ஒட்டியிருக்கு, நான் சரியா கழுவலன்னு நெனச்சிட்டு இருந்தேன், நகத்தால சுரண்டினா பிசுபிசுன்னு இருக்கு. ஒண்ண வெட்டினேன். தோல்ல இருந்து ஒரு அரை சென்டி உள்ள சுத்தி வளையம், டீ கறை மாதிரி. அமுக்கினேன், வளையத்துல இருந்து பசும்பால் கலர்ல சொட்டு வந்துச்சு, ஒரு மூணு நாலு எடத்துல. வாடை வேற. அம்மா பக்கத்துல நின்னு பாத்துட்டு இதையா நாம தின்னோம்னு ஒரு பார்வ பாத்தாங்க.

செடி செத்ததும் அப்படித்தான் மாமா, பச்சையா தொங்குச்சு, நான் தண்ணி மேல தண்ணியா ஊத்தினேன். செத்த செடிய எல்லாம் புடுங்கி எங்க போட்டேன்னு கேக்காதீங்க. கம்போஸ்ட் டிரம்ல தான் போட்டேன்.

சாப்பிட்டது ஒண்ணும் ஆகாதுல்ல?

கேமரன்_லோரி

சாப்பிட்டதுக்கு ஒண்ணும் ஆகாது ப்ரோ, அது செடிக்கு வர்ற கிருமி, மனுஷனுக்கு இல்ல. அழுகினத தூக்கி போடுங்க, நல்லா இருக்கிறத சாப்பிடுங்க. ஆனா தோலையும் கழுவின தண்ணியையும் தோட்டத்துல கொட்டாதீங்க, தோல் குப்பை பைக்கு, தண்ணி சிங்க்ல. இது முக்கியம், நெறைய பேரு கிழங்கு கழுவின தண்ணிய செடிக்கு நல்லதுன்னு கொண்டு போய் ஊத்துவாங்க.

நான் எட்டு வருஷமா கேமரன் மலையில இருந்து கீழ காய்கறி ஏத்துற லோரி ஓட்டுறேன், விவசாயம் படிச்சவன் இல்ல, ஆனா பண்ணையில நின்னு பேசிப் பேசி கொஞ்சம் தெரியும். அந்த கிருமிக்கு பேரு ரால்ஸ்டோனியா. சூடான ஈரமான மண்ணுன்னா அதுக்கு கொண்டாட்டம், 25 டிகிரிக்கு மேல 35 வரைக்கும் நல்லா பெருகும், அதாவது நம்ம ஊரு வருஷம் பூரா. உருளைக்கிழங்குக்கு நேர் எதிர், அதுக்கு மண்ணுக்குள்ள கிழங்கு எறங்க 15ல இருந்து 20 டிகிரி குளிர் வேணும். கேமரன்ல தானா ராத்தா டவுன் ஆயிரத்து நானூறு மீட்டருக்கு மேல இருக்கு, அங்க ராத்திரி போர்வை இல்லாம தூங்க முடியாது. புக்கிட் மெர்தாஜத்துல ராத்திரியே 24 டிகிரி, செடி எலையா வளருமே தவிர கீழ ஒண்ணும் எறக்காது, அதான் உங்களுக்கு கோலிகுண்டு. உங்க மேல தப்பு இல்ல.

எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா, அனேகமா நட்ட கிழங்குல இருந்தே வந்திருக்கும். சமையலுக்கு விக்கிற கிழங்கு வெத கிழங்கு இல்ல, யாரும் அத நோய்க்கு செக் பண்ணி குடுக்கிறதில்ல, வெளிய பாக்க பளபளன்னு இருக்கும் உள்ள கிருமி தூங்கிக்கிட்டு இருக்கும். அதோட வெட்டி நட்டீங்க, ஒரே கத்தியில வெட்டியிருப்பீங்க, ஒண்ணுல இருந்தது பத்துக்கு போயிருக்கும்.

நிபோங்திபால்_மாமா

லோரி தம்பி சரியா சொல்லிட்டார். இனிமே நான் சொல்றத கேளுங்க.

மொதல்ல டிரம். அதுல இருக்கிறத அப்படியே பெரிய கருப்பு பையில கட்டி குப்பை லோரிக்கு குடுத்துடுங்க. எரிக்காதீங்க, ஓபன் பர்னிங்னு கேஸ் போடுவான், புகை வேற அடுத்த வீட்டுக்கு போகும். அந்த கம்போஸ்ட்ட எந்த செடிக்கும் போடக்கூடாது. சங்கோல் (மண்வெட்டி), செருப்பு, ரெண்டையும் பைப்புல நல்லா கழுவி வெயில்ல காய வைங்க, அந்த பாத்தியில கொத்திட்டு அதே மண்ணோட அடுத்த பாத்திக்கு போனா கிருமிய நீங்களே சொமந்துட்டு போறீங்கன்னு அர்த்தம். மழைத்தண்ணி அந்த பாத்தியில இருந்து எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க, ஓடுற பக்கத்துல மொளகா தொட்டி வைக்காதீங்க.

அப்புறம், வேலி ஓரத்துல மணத்தக்காளி நிக்குதா? நம்ம ஆளுங்க வீட்ல கட்டாயம் நிக்கும், வயித்துப்புண்ணுக்கு நல்லதுன்னு யாரும் புடுங்க மாட்டாங்க. அதுவும் அதே ஜாதி தான் தம்பி. அதுல கிருமி ஒக்காந்துக்கும், சில சமயம் செடி வாடாம கூட நிக்கும். பாத்திக்கு பக்கத்துல இருக்கிறத எடுத்துடுங்க, கீரை வேணும்னா தொட்டியில வேற பக்கம் வச்சுக்கோங்க.

அந்த பாத்தியில கத்திரி, தக்காளி, மொளகா, திரும்ப உருளைக்கிழங்கு, எதுவும் மூணு வருஷமாவது வேணாம். இஞ்சியும் நிலக்கடலையும் கூட வேணாம், அதுக்கும் இந்த வாடல் வரும். மருந்து அடிச்சா போகுமான்னு கேக்காதீங்க, போகாது, மருந்து கடையில எதையாவது தலையில கட்டுவான், காசு தான் போகும்.

போட வேண்டியது சோளம், அதான் மக்காச்சோளம். புல்லு ஜாதி, இந்த கிருமிக்கு அதுல வேலையில்ல, தீனி இல்லாம மண்ணுல கொறைஞ்சுக்கிட்டே வரும். 12 அடி நீளத்துக்கு ஒரே வரிசையா நடாதீங்க, சோளத்துக்கு மகரந்தம் காத்துல தான் போகணும், ஒத்த வரிசை போட்டா கதிர் பல்லு விழுந்த கெழவி மாதிரி அங்கங்க மணி இல்லாம வரும். 4 அடி அகலத்துல ரெண்டு வரிசை, வரிசைக்கு நடுவுல ரெண்டு அடி, செடிக்கு செடி ஒரு அடி, ஒரு குழிக்கு ரெண்டு வெத, முளைச்சதும் ஒண்ண எடுத்துடுங்க. 70 நாள் 75 நாள்ல கதிர் ஒடிக்கலாம். கதிர் ஒடிக்க மூணு வாரம் இருக்கும்போது அடியில பயத்தங்கா வெதய, அதான் கச்சாங் பாஞ்சாங், ஊனி விடுங்க, கதிர் ஒடிச்சதும் தட்டைய வெட்டாம விட்டா அதுலயே கொடி ஏறிக்கும், கொம்பு வாங்குற செலவு மிச்சம். அவரை ஜாதி மண்ணுக்கு நைட்ரஜன் சேத்துக் குடுக்கும். அது முடிஞ்சதும் சாவி கீரை, காங்கோங். இப்படியே சுத்துங்க. எங்க பக்கம் நெல்லு போட்ட வயல்ல காய்கறி போடறவங்களுக்கு இந்த வாடல் தொல்லை கம்மி, மாசக்கணக்கா தண்ணி நிக்கிற மண்ணுல இந்த கிருமி தாக்கு பிடிக்கிறது கஷ்டம். உங்க தாமான்ல நெல்லு நட முடியாது, அதனால சோளம்.

செந்தூல்_பால்கனி

மாமா ரொம்ப தேங்க்ஸ், நானும் கத்துக்கிட்டேன். நான் வெண்டின்னு சொன்னது தப்பா அப்ப?

நிபோங்திபால்_மாமா

தப்பு இல்லம்மா, வாடலுக்கு வெண்டி பயப்பட வேண்டியதில்ல. ஆனா வெண்டிக்கு வேற ஒரு எதிரி இருக்கு, வேர்முடிச்சு புழு, கண்ணுக்கு தெரியாத சின்ன புழு, மண்ணுக்குள்ள வேர தொளச்சு உள்ள போய் ஒக்காந்துக்கும். வெண்டின்னா அதுக்கு விருந்து. உருளைக்கிழங்குலயும் அது வரும், கிழங்கு மேல பரு பருவா இருக்கும். தம்பி பாத்தியில அது இருக்கா இல்லையான்னு தெரியாம வெண்டி போட வேணாம்னுதான் சொல்றேன். உங்களது பேக்ல புது மண்ணு, அதனால தப்பிச்சுது.

இன்னொரு விஷயம், அந்த புழு வேர்ல ஓட்டை போட்டா அந்த ஓட்டை வழியாத்தான் வாடல் கிருமி உள்ள போகுது. ரெண்டும் கூட்டாளி. அதனால தான் செடிக்கு ரொம்ப கிட்ட கொத்தாதீங்கன்னு சொல்றது, வேரு அறுந்தாலும் அதே வாசல் தான்.

செந்தூல்_பால்கனி

ஐயோ மாமா, நான் போன மாசம் பயத்தங்கா செடி ஒண்ண புடுங்கினேன், வேர் பூரா முடிச்சு முடிச்சா இருந்துச்சு, இந்த புழு தான்னு நெனச்சு பேக்கோட தூக்கி போட்டுட்டேனே!

கேமரன்_லோரி

ஹாஹா அக்கா, நல்லத தூக்கி போட்டுட்டீங்க போல. பயத்தங்கா வேர்ல முடிச்சு இருக்கத்தான் செய்யும், அதுக்குள்ள இருக்கிற பாக்டீரியா தான் காத்துல இருக்கிற நைட்ரஜன புடிச்சு செடிக்கு குடுக்குது. வித்தியாசம் சுலபம், நல்ல முடிச்சு வேருக்கு பக்கத்துல ஒட்ட வச்ச மணி மாதிரி இருக்கும், வெரலால தேச்சா கழண்டு வந்துடும், நகத்தால பொளந்தா உள்ள ரோஸ் கலரா இருக்கும். புழு முடிச்சு அப்படி கழண்டு வராது, வேரே வீங்கி போயிருக்கும், பிச்சா வேரும் சேந்துதான் பிய்யும். அடுத்த தடவ புடுங்காம, காய் முடிஞ்சதும் கொடிய மட்டும் வெட்டிட்டு வேர மண்ணுலயே விட்டுடுங்க.

செந்தூல்_பால்கனி

ரோஸ் கலரா தான் இருந்துச்சு. 14 வெள்ளி மண்ணு அது. பேசாதீங்க.

மூலைவீடு_பிஎம்

எல்லாருக்கும் நன்றி, மாமாவுக்கு ரொம்ப நன்றி. ஆனா இந்த 12 நாத்த என்ன பண்றது? அம்மா தெனமும் காலையில எழுந்ததும் அதுக்கு தண்ணி தெளிச்சு பேசிட்டு தான் சாமி கும்பிடவே போறாங்க, வேற ஆளுக்கு குடுத்துடலாமான்னு கேட்டா மொறைக்கிறாங்க.

கேமரன்_லோரி

தொட்டியில வைங்க ப்ரோ. 12 இஞ்சுக்கு மேல இருக்கிற தொட்டியோ, பெயிண்ட் டின்னோ, அடியில ஓட்டை போட்டு, கடையில வாங்கின புது மண்ணு, அந்த பாத்தி மண்ணு ஒரு கைப்பிடி கூட கலக்கக்கூடாது. தரையில நேரா வைக்காம ரெண்டு செங்கல் மேல வைங்க, வேரு ஓட்டை வழியா கீழ எறங்கிடும், மழையில மண்ணும் தெறிக்கும். சிமெண்ட் தரையில வச்சா இன்னும் நல்லது.

எதிர்காலத்துல தரையில தான் வேணும்னு அம்மா அடம் புடிச்சா ஒரு வழி இருக்கு, ஒட்டு நாத்து. தைவான்ல இருக்கிற உலக காய்கறி மையம் தக்காளிய வாடல் தாங்குற கத்திரி ரகத்தோட வேர்ல ஒட்டு கட்டச் சொல்லி ரொம்ப வருஷமா சொல்லிக் குடுக்குது. சுண்டக்காய் வேர்லயும் கத்திரிய ஒட்டலாம், சுண்டக்காய் முரட்டு செடி, வாடல தாங்கும். பிளேடும் சின்ன கிளிப்பும் இருந்தா வீட்லயே பண்ணலாம், ஆனா ஒட்டினதுக்கு அப்புறம் ஒரு வாரம் பிளாஸ்டிக் மூடி நிழல்ல வைக்கணும், எனக்கு பத்துல நாலு தான் பொழச்சுது.

பாயான்_லெப்பாஸ்_மச்சி

சரி நான் வாபஸ் வாங்கிக்கிறேன், மாமா சிவப்பு லைட்டுன்னு சொன்னது குத்துச்சு. ஆனா கோழி எரு சொன்னதாவது சரிதானே? சுண்ணாம்பும் போடணும்னு சொல்வாங்களே, ரெண்டையும் ஒண்ணா கலந்து போட்டு கிண்டிடலாம்ல, ஒரு நாள் வேலை மிச்சம்.

நிபோங்திபால்_மாமா

ஒண்ணா போட்டா மூக்குல ஏறும் பாருங்க ஒரு நெடி, அது அம்மோனியா, எருவுல இருக்கிற நைட்ரஜன் அப்படியே காத்துல பறக்குது. காசு குடுத்து வாங்கி வானத்துக்கு உரம் வைக்கிற மாதிரி. மொதல்ல சுண்ணாம்பு, அந்த பாத்திக்கு முக்கால் கிலோ ஜிஎம்எல் சுண்ணாம்புத்தூள் போதும், தூவி கிண்டி தண்ணி தெளிச்சு ரெண்டு வாரம் விடுங்க. உருளைக்கிழங்கு புளிச்ச மண்ணுல வளரும், சோளமும் பயத்தங்காயும் அவ்வளவு புளிப்பு தாங்காது. ரெண்டு வாரம் கழிச்சு எரு, நல்லா மக்கினதா, மோந்து பாத்தா மண்ணு வாசம் வரணும், கோழிப்பண்ண வாசம் வந்தா இன்னும் ஆகல. பச்சை எரு வேர சுட்டுடும். பொட்டாசியத்துக்கு எம்ஓபி (பொட்டாஷ் உரம்) ஒரு கைப்பிடி போதும், அடுப்பு சாம்பல் போடறதா இருந்தா சுண்ணாம்ப கொறைச்சுக்கோங்க, சாம்பலும் அதே வேலை தான் செய்யும்.

இப்ப பினாங்குல மழை இல்லாத நேரம், அந்த ரெண்டு வாரத்த சும்மா விடாதீங்க தம்பி, அவசரம் இல்லைன்னா நாலு வாரமே விடுங்க. மண்ண நனைச்சு, கண்ணாடி மாதிரி தெரியிற பிளாஸ்டிக் ஷீட்ட இழுத்து மூடி ஓரத்துல மண்ணு போட்டு அடைச்சிடுங்க, கருப்பு வேணாம். வெயில்ல மண்ணு வெந்துடும். கிருமி மொத்தமா சாகாது, ஆழத்துல இருக்கிறது இருக்கும், ஆனா மேல் மண்ணுல கொறையும், புழுவும் கொறையும், லாலாங் வெதயும் போயிடும்.

செண்டுப்பூ வேணும்னாலும் ஒரு தடவ போடலாம், சின்னப் பூ பூக்கிற குட்டை ரகம், அந்த வேரு புழுவுக்கு ஆகாது. ஓரத்துல அழகுக்கு ரெண்டு செடி வச்சா பிரயோஜனம் இல்ல, பாத்தி பூரா நெருக்கமா ரெண்டு மூணு மாசம் நிக்கணும். வாடல் கிருமிக்கு அது ஒண்ணும் பண்ணாது, புழுவுக்கு மட்டும் தான். சாமிக்கு மாலை கட்டலாம், அது லாபம்.

மூலைவீடு_பிஎம்

ரெண்டரை மாசம் கழிச்சு வரேன், அப்டேட் போடறேன்னு சொல்லிட்டு காணாம போயிட்டேன், மன்னிக்கணும்.

பிளாஸ்டிக் நாலு வாரம் போட்டேன், மத்தியானம் கைய உள்ள விட்டா சூடு தாங்கல. சுண்ணாம்பு அப்பவே போட்டாச்சு. எடுத்ததும் எரு, அப்புறம் சோளம் ரெண்டு வரிசை, 22 செடி நின்னுச்சு, ஒண்ண பக்கத்து வீட்டு பூனை படுத்து ஒடிச்சிடுச்சு. ஏப்ரல் மழையில ஒரே வாரத்துல முழங்கால் ஒயரம் வந்துடுச்சு, இப்ப இடுப்ப தாண்டி நிக்குது. இது வரைக்கும் ஒரு செடி கூட தொங்கல. ரெண்டு வாரத்துல பயத்தங்கா ஊனணும்.

அம்மா நாத்துல கத்திரி நாலும் மொளகா அஞ்சும் பெயிண்ட் டின்ல செங்கல் மேல நிக்குது, தக்காளி மூணும் சுருண்டு போச்சு, அது வெள்ளை ஈ, அது வேற திரெட்டுக்கு. மொத கத்திரிக்காய நேத்து பறிச்சோம், ஒத்த காய், அத நாலு பேருக்கு சாம்பார்ல போட்டு யாருக்கு எத்தன துண்டுன்னு அம்மா எண்ணி வச்சாங்க.

ஒரே ஒரு பிரச்சனை மாமா. சோளத்துக்கு நடுவுல மூணாவது குழிக்கு பக்கத்துல ஒரு உருளைக்கிழங்கு செடி தானா முளைச்சிருக்கு, அத்தன தடவ தேடியும் எங்க தான் ஒளிஞ்சிருந்துச்சோ. நல்லா கொழுகொழுன்னு பச்சையா நிக்குது. தானா வந்த உயிர எதுக்குடா புடுங்கறன்னு அம்மா விட மாட்டேங்கிறாங்க, பூ விட்டிருக்கு பாருன்னு காட்டுறாங்க.

நிபோங்திபால்_மாமா

புடுங்குங்க தம்பி. சுத்தி இருக்கிற மண்ணோட, கிழங்கோட, பைக்குள்ள. இன்னைக்கே.

மூலைவீடு_பிஎம்

சரி மாமா. வெள்ளிக்கிழம கோயிலுக்கு போவாங்க, அப்ப பண்ணிடறேன்.

நிபோங்திபால்_மாமா

சோளத்த உலுக்காம புடுங்குங்க. கேட்டா பூனைன்னு சொல்லிடுங்க.